அம்மாவின் கைக்கு ஒரு தட்டு வண்டி

அம்மாவுக்கு 74 வயது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில், பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். திருச்சிக்கு எங்களோடு வந்துவிடச் சொல்லிப் பல முறை கேட்டாகிவிட்டது. இரண்டு மாதம் வந்து இருந்தும் பார்த்தார். மூன்றாவது மாடியில் பேச ஆள் இல்லை, வாசல் தெளிக்க இடமில்லை. ஊருக்கே கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நான்கு கால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. ஆனால் சமையல் அவரேதான். பூ தொடுப்பதும் பால் கணக்கு எழுதுவதும் அவரேதான்.

எனக்கு யுபிஎஸ் சர்வீஸ் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய் ஞாயிறு ராத்திரி திரும்புவேன். அம்மாவுக்கு உதவியாக ஒரு ரோபோ செய்ய வேண்டும் என்ற எண்ணம் ரொம்ப நாளாக இருந்தது. மாத்திரை ஞாபகப்படுத்துவது, பேச்சுத் துணை என்று என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து ராத்திரி வரை அம்மா நடப்பதை மட்டும் பார்த்தேன்.

அன்றைக்கு மூன்று முறை அவர் தடுமாறினார். மூன்று முறையும் கையில் ஏதோ இருந்தது. காலையில் காபி டம்ளர், மத்தியானம் ரசச் சட்டி, சாயங்காலம் தண்ணீர்ச் செம்பு. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் சூடான பாத்திரம். தடுமாறினால் தூணையோ சுவரையோ பிடிக்க மூன்றாவது கை இல்லை. கை காலியாக இருந்தபோது ஒரு முறைகூட அவர் தடுமாறவில்லை. அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தார். "காபி உள்ளே மேடையில இருக்கு, நீயே எடுத்துக்கோம்மா" என்று அம்மா சொன்னார். அந்த அக்கா சாதாரணமாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். அம்மாவின் முகம்தான் வாடிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்தவருக்குத் தன் கையால் ஒரு டம்ளர் நீட்டாமல் இருந்தது அவர் வாழ்க்கையில் கிடையாது.

சரி, செய்ய வேண்டியது என்ன என்று அப்போதே முடிவாகிவிட்டது. அம்மாவைத் தூக்கிச் செல்லும் இயந்திரம் வேண்டாம், அவருக்காகச் சமைக்கும் இயந்திரமும் வேண்டாம். அவர் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டு கூடவே வந்தால் போதும்.

வெளிநாட்டில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-இல் ரோபேர் என்று ஒன்றைக் காட்டியது. கரடி முகம், 140 கிலோ எடை, ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும். அமெரிக்காவில் ஹலோ ரோபோட் நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த ஸ்ட்ரெச் மெலிந்த ஒரு கம்பமும் நீளும் ஒற்றைக் கையும் கொண்டது. தரையில் விழுந்ததை எடுக்கும், அலமாரியைத் திறக்கும். அதன் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு சின்ன வீடே கட்டிவிடலாம். எனக்கு நெருக்கமாகப் பட்டது கலிபோர்னியாவில் லாப்ரடார் என்ற நிறுவனம் 2022-இல் காட்டிய ரெட்ரீவர். அது வேறொன்றுமில்லை, தானே நகரும் ஓர் அலமாரித் தட்டு. கிட்டத்தட்ட 11 கிலோ வரை சுமக்கும். பொருளைத் தூக்க முடியாதவர்கள், கையில் எடுத்துக்கொண்டு நடக்க முடியாதவர்களுக்காக என்றே யோசித்திருந்தார்கள். நான் பார்த்ததையே அவர்களும் பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் தெம்பு வந்தது.

முதல் வண்டியைச் சதுரக் குழாய் இரும்பில் செய்தேன். அடிப்பாகம் 45-க்கு 40 செ.மீ. பின்னால் இரண்டு ஓட்டும் சக்கரங்கள், முன்னால் இரண்டு சுழல் சக்கரங்கள். மேல்தட்டின் உயரத்தை முடிவு செய்தது அம்மா. அடுப்பிலிருந்து சமையலறை வாசற்படி வரை அவர் பாத்திரத்தைத் தூக்குவதே இல்லை. சமையல் மேடையிலேயே இடது கையால் தள்ளிக்கொண்டே வருவார், வலது கை ஊன்றுகோலில் இருக்கும். மேடை முடியும் இடத்தில்தான் தூக்க வேண்டியிருக்கும். அதனால் தட்டு மேடை உயரத்துக்கே இருக்கட்டும் என்றார். அளந்தேன், 80 செ.மீ. மேடையின் முனை சமையலறை நிலைவாசலை ஒட்டியே இருக்கிறது. நிலைப்படி 4 செ.மீ. உயரம், அதை வண்டி ஏறாது. சாய்தளம் வைத்தால் அதிலேயே கால் தடுக்கும். ஆகவே வண்டி படிக்கு இந்தப் பக்கம் கூடத்திலேயே நிற்கும், அம்மா உள்ளே இருந்தபடியே பாத்திரத்தைத் தட்டுக்கு மாற்றிவிடுவார்.

உயரமான வண்டி கவிழாமல் இருக்கக் கனமெல்லாம் அடியில் இருக்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி இரண்டை இணையாகப் போட்டேன். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல். லித்தியம் போட்டிருந்தால் எடை குறையும், ஆனால் இங்கே எடைதான் எனக்கு வேண்டியது. தவிர இந்தப் பேட்டரியின் குணம் எனக்கு நன்றாகத் தெரியும். மூளைக்கு இஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு, மோட்டாரை ஓட்ட எல்298என் போர்டு, இரண்டு சின்ன கியர் மோட்டார்கள். வழி காட்டத் தரையில் கறுப்பு இன்சுலேஷன் டேப், அதைப் படிக்க ஐந்து டிசிஆர்டி5000 அகச்சிவப்பு சென்சார்கள். நிலைவாசலிலிருந்து கூடத்துச் சாய்வு நாற்காலி வரை சரியாக 7 மீட்டர்.

மூன்றாவது வாரம் வண்டி ஓடியது. அம்மா பக்கத்தில் நடந்து வந்தார். பாதி வழியில், யோசிக்காமலே, இடது கையை வண்டியின் விளிம்பில் வைத்துச் சாய்ந்தார். வண்டி சட்டென்று முன்னால் உருண்டது. அவர் ஒரு அடி இழுபட்டு, முற்றத்துத் தூணைப் பிடித்து நின்றார். அடி எதுவும் படவில்லை. என் கை நடுங்கியது, கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

அவர்தான் முதலில் பேசினார். "பக்கத்துல ஒண்ணு வந்தா பிடிக்கத்தானே தோணும்? பிடிச்சா நிக்கற மாதிரி பண்ணு."

"பிடிக்காதே" என்று சொல்லலாம். கைப்பிடியை எடுத்துவிடலாம், விளிம்பைக் கூராக்கிக்கூட வைக்கலாம். ஆனால் தடுமாறுகிறவரின் கை அந்த நேரத்தில் அறிவுரையைக் கேட்காது, அருகில் இருப்பதைப் பிடிக்கும். பிடித்தால் நிற்கிற வண்டிதான் வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது தங்கள் வீட்டுக்குச் செய்வதாக இருந்தால், முதலில் இதை முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாதாரண கியர் மோட்டாரை வெளியிலிருந்து தள்ளினால் சுற்றும். புழு கியர் உள்ள மோட்டாரைப் பெரும்பாலும் அப்படிச் சுற்ற முடியாது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரத்தால் மோட்டாரைச் சுற்ற முடியாது. மின்சாரம் நின்றால் அது பூட்டு போட்ட மாதிரி. கார் வைப்பர் மோட்டார் அப்படிப்பட்டதுதான், பழைய வண்டிகளைப் பிரிக்கிற கடைகளில் கிடைக்கும். இரண்டு வாங்கினேன், ஒன்று 600 ரூபாய். மெதுவேக இணைப்பில் நிமிஷத்துக்குச் சுமார் 40 சுற்று. 10 செ.மீ. சக்கரத்துக்கு ஒரு சுற்றில் 31 செ.மீ., அப்படியென்றால் நொடிக்கு 21 செ.மீ. அம்மா அந்த 7 மீட்டரை 28 நொடியில் நடக்கிறார், நொடிக்கு 25 செ.மீ. வண்டி அவரைவிட ஒரு துளி மெதுவாகப் போகும். அவரை அவசரப்படுத்தாது. இதைவிடப் பொருத்தமான வேகத்தை நான் தேடிப் பிடித்திருக்க முடியாது.

ஆனால் வைப்பர் மோட்டாரில் ஒரு விஷயம் இருக்கிறது. காரில் வண்டியின் உடம்பே நெகட்டிவ் என்பதால், பல மோட்டார்களில் ஒரு பிரஷ் (உள்ளே சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு) மோட்டாரின் உறையோடு சேர்ந்தே இருக்கும். நான் அதைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கினேன். ஒன்று முன்னால், இன்னொன்று பின்னால் சுற்ற வேண்டிய திருப்பம் வந்ததும் ஒரு மோட்டாரின் உறை பிளஸ், மற்றதன் உறை மைனஸ், நடுவில் சட்டம். நேரடி ஷார்ட். டிரைவர் போர்டிலிருந்து புகை வந்தது. ஃபியூஸ் போட்டிருந்ததால் பேட்டரி பிழைத்தது.

சரிசெய்த விதம்: மோட்டாரின் பின்மூடியைக் கழற்றினால் பிரஷ் தாங்கி தெரியும். உறையோடு சேர்ந்திருக்கும் பிரஷ்ஷின் சின்னப் பட்டையை வெட்டி, அதில் தனி ஒயர் ஒன்றைப் பற்றவைத்து வெளியே எடுத்தேன். ஒயர் ஓரத்தில் உரசாமல் இருக்க ஸ்லீவ் போட்டேன். மூடிய பிறகு மல்டிமீட்டரில் உறைக்கும் இரண்டு ஒயருக்கும் இடையே தொடர்பே இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். எல்298என் இரண்டு ஆம்பியருக்குத்தான் தாங்கும், வைப்பர் மோட்டார் கிளம்பும்போதே அதைத் தாண்டிவிடும். ஆகவே மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு பிடிஎஸ்7960 டிரைவர் போர்டுகள். ஓடும்போது இஎஸ்பி32 அடிக்கடி தானே ரீசெட் ஆனது. பிரஷ்களுக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் கெபாசிட்டர், மூளைக்கு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கத் தனி பக் கன்வர்ட்டர், அதன் வாயில் 1000 மைக்ரோஃபாரட். அத்தோடு அது நின்றது.

வண்டி ஓடும்போதும் பிடித்தால் நிற்க வேண்டுமே. தட்டைச் சுற்றி ஒரு வளையக் குழாய், அதன் நான்கு தாங்கலிலும் ஸ்பிரிங், லிமிட் சுவிட்ச். ஒரு கிலோ அளவுக்கு எந்தப் பக்கம் அழுத்தினாலும் சுவிட்ச் திறக்கும், மோட்டார் நிற்கும், புழு கியர் பூட்டிக்கொள்ளும். சுவிட்சுகள் எல்லாம் வழக்கமாக மூடியிருக்கும் வகை, ஒரே தொடரில். ஒயர் அறுந்தாலும் வண்டி நிற்கும், ஓடாது. இந்தத் தொடர் ஒரு ரிலே வழியாக மோட்டாரின் மின்சாரத்தையே வெட்டுகிறது. நான் எழுதிய நிரலை நம்பி இல்லை. நிரலில் பிழை இருக்கலாம், அம்மாவின் இடுப்பெலும்போடு அதைச் சோதித்துப் பார்க்க முடியாது.

பிறகு நானே என் முழு எடையையும் போட்டுச் சாய்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவும் சாய்ந்து பார்த்தார். நகரவில்லை, கவிழவில்லை. அதற்கப்புறம்தான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

முன்னால் தடை இருந்தால் நிற்க மீயொலி சென்சார் வைத்திருந்தேன், எச்.சி.-எஸ்ஆர்04. சுவர், கதவு, பித்தளை அண்டா எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தது. அம்மாவின் நூல் புடவை அதற்குத் தெரியவே இல்லை. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் மெத்தென்ற துணி ஒலியை விழுங்கிவிடும், எதிரொலி திரும்பாது. யாருக்காக அந்தச் சென்சாரை வைத்தேனோ அவரையே அது பார்க்கவில்லை. லேசர் தூரமானி ஒன்றைச் சேர்த்தேன், புடவையைப் பார்த்தது. ஆனாலும் கடைசிக் காவல் அதுவும் இல்லை. முன்பக்கம் தரைக்கு 3 செ.மீ. மேலே ஃபோம் சுற்றிய ஒரு பம்பர், அந்தப் பம்பருக்குப் பின்னால் அதே தொடரில் இரண்டு சுவிட்ச். தொட்டால் நிற்கும்.

இனி தரை. எங்கள் வீட்டில் சிவப்புச் சிமெண்ட் தரை, தாத்தா காலத்தில் இழைத்தது, கண்ணாடி மாதிரி இருக்கும். காலை பத்து மணிக்கு முற்றத்து வெயில் கூடத்தில் விழும்போது வண்டி வழி தவறியது. சூரிய ஒளியிலேயே அகச்சிவப்பு நிறைய, சென்சாரின் சின்ன விளக்கு அதில் மூழ்கிவிடுகிறது. சென்சார்களைத் தரைக்கு 5 மில்லிமீட்டர் வரை இறக்கி, சுற்றிலும் சைக்கிள் டியூப் ரப்பரில் பாவாடை கட்டினேன். அப்புறம் ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்து ஒரு அளவு, போட்டு ஒரு அளவு, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்க வைத்தேன். வெயில் இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் கழிந்துவிடும். இடையில் போனில் அளவுகளைப் பார்க்க வைஃபையைப் போட்டதும் இரண்டு சென்சார்கள் உளறின. இஎஸ்பி32-இல் வைஃபை ஓடும்போது இரண்டாவது அனலாக் பகுதியின் இணைப்புக் கால்கள் வேலை செய்யாது. ஐந்தையும் 32 முதல் 39 வரையான கால்களுக்கு மாற்றினேன்.

டேப்தான் பெரிய தொந்தரவு. தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்பதில் ஓரம் பிரிந்தது. ஒரு வாரம் கழித்துப் போனபோது பிரிந்த முனை ஊன்றுகோலின் ரப்பர் காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. வழி காட்டப் போட்டதே தடுக்கி விழ வைக்கும் என்றால் அது தரையில் இருக்கக்கூடாது. அன்றே எல்லாவற்றையும் உரித்தேன். தரைக்குள் காந்தப் பட்டை பதிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தெருவாசல் பக்கம் கையைக் காட்டினார். நிலைக்கு முன்னால் வெள்ளை பெயிண்டில் போட்ட கோலம், எத்தனையோ வருஷமாக அங்கேயே இருக்கிறது, கழுவிக் கழுவியும் போகவில்லை. "சிவப்புல வெள்ளை எடுத்துக் கொடுக்காதா?" என்றார்.

எடுத்துக் கொடுக்கும். கறுப்பைத் தேடும் நிரலை வெள்ளையைத் தேடச் சொல்லி மாற்ற ஒரே ஒரு வரி போதும். மறுநாள் காலை அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார், நீளக் கம்பில் கட்டிய தூரிகை கையில். நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டே போனேன். 2 செ.மீ. அகலக் கோடு, பிசிறே இல்லாமல். நூல் பிடித்துத் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். தினமும் வாசலில் கோடு இழுத்த கை. வண்டி நிற்க வேண்டிய இடங்களில் குறுக்குக் கோடு தேவைப்பட்டது. நிலைவாசலில் ஒன்று, நாற்காலியருகே ஒன்று. அவற்றின் இரண்டு முனையிலும் அவர் ஒரு தாமரை இதழ் போட்டார். சென்சார் படிக்கும் அகலத்துக்கு வெளியே இருப்பதால் வண்டிக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கோட்டில் ஒட்டு இல்லை, ஓரம் இல்லை, தட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ரசம் சிந்தியது இன்னொரு கதை. சட்டென்று கிளம்பினால் சிந்தும் என்பது தெரிந்ததுதான், இரண்டு நொடியில் மெதுவாக வேகம் எடுக்க வைத்தேன். அப்படியும் பாதி வழியில் சிந்தியது. தரையில் படுத்துக்கொண்டு வண்டியையே பார்த்தேன். கோட்டைப் பிடிக்க அது இடமும் வலமுமாக நெளிந்துகொண்டே போனது. அந்த நெளிவின் தாளமும் சட்டியில் ரசம் ஆடும் தாளமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன, ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரி. கோட்டை விட்டு விலகியதும் திருப்பும் வலுவைப் பாதியாகக் குறைத்து, விலகும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே அடக்கும் பகுதியைக் கூட்டினேன். நெளிவு நின்றது. பாத்திரம் வழுக்காமல் இருக்கத் தட்டில் ரப்பர் பாய் போட நினைத்தேன். அம்மா ஈரத்துணியைப் பிழிந்து விரித்துவிட்டார். அதுவே போதும், துவைத்தும் போடலாம்.

வண்டியைக் கூப்பிடக் குரல் முறையை ஒரு நாள் முயன்றேன், டிவி ஓடும் வீட்டில் அது சரிவரவில்லை. இப்போது நாற்காலியருகே ஒன்று, நிலைவாசலில் ஒன்று, சாதாரண காலிங்பெல் சுவிட்ச். அதிலிருந்து 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ. இன்டர்நெட் வேண்டாம், கரண்ட் போனாலும் வேலை செய்யும். வண்டியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு நிறுத்து பட்டன். மாத்திரை நேரத்துக்கு என் மகளின் குரல் கேட்கும்: "பாட்டி, மாத்திரை." நேரம் தவறாமல் இருக்க டிஎஸ்3231 கடிகாரம், குரலுக்கு ஒரு எம்பி3 மாட்யூல்.

சார்ஜுக்கு அம்மா குனிந்து பிளக் செருகக்கூடாது. நிலைவாசல் அருகே சுவரில் இரண்டு பித்தளைப் பட்டை, வண்டி வந்து நின்றதும் அதன் ஸ்பிரிங் பட்டைகள் தொடும். 13.7 வோல்ட் அளவில் வைத்தால் நாள் முழுக்க இணைப்பிலேயே இருக்கலாம், பேட்டரி கெடாது. ஷாக் அடிக்கும் வோல்டேஜ் இல்லை. ஆனால் சமையலறை வாசல், எவர்சில்வர் கரண்டி ஒன்று குறுக்கே விழுந்தால் பொறி பறக்கும். ஆகவே சார்ஜரில் மின்னோட்ட வரம்பு, வண்டிப் பக்கம் ஒரு டையோடு.

புழு கியரால் ஒரு கஷ்டமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை நடுவழியில் வண்டி நின்றுவிட்டது, பித்தளைப் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மூன்று நாளாகச் சார்ஜே ஏறவில்லை. தள்ளினால் நகராது, அதற்காகத்தானே செய்தது. அம்மாவின் வழியை மறித்துக்கொண்டு நின்றது. அவர் எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் செய்தார், அக்கா பின்பக்கத்தைத் தூக்கிச் சுழல் சக்கரத்தில் உருட்டி ஓரமாக விட்டார். இப்போது ஓடும்போது பேட்டரி 11.8 வோல்டுக்குக் கீழே இறங்கினால், அந்த நடையை முடித்துத் தன் இடத்துக்குப் போய்விடும், சார்ஜ் ஏறும்வரை கிளம்பாது. பட்டைகளை வாரம் ஒரு முறை நான் துடைக்கிறேன். பின்பக்கம் தூக்க ஒரு பிடி பற்றவைத்திருக்கிறேன். அக்காவின் போன் நம்பரைப் பெரிய எழுத்தில் வண்டியிலேயே ஒட்டினேன். தனியாக வாழ்வது என்றால் யாரும் இல்லாமல் வாழ்வது என்று எதிர்வீடு இருக்கிற தெருவில் யாரும் நினைக்க மாட்டார்கள்.

இதுவரை செலவு 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல், எரிந்த போர்டையும் சேர்த்து. நான்கு மாதமாக ஓடுகிறது.

போன சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது எதிர்வீட்டு அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி நிலைவாசலிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது, தட்டில் இரண்டு டபரா டம்ளர். அம்மா பக்கத்தில் நடந்து வந்தார், வலது கையில் ஊன்றுகோல், இடது கை காலி. நாற்காலியருகே தாமரையில் வண்டி நின்றது. அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு டம்ளரை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"திண்ணை வரைக்கும் கோடு இழுக்கணும்டா" என்றார். "வாசல்ல வர்றவங்களுக்கும் குடுக்கலாம்ல."

ரேழியில் இன்னொரு நிலைப்படி இருக்கிறது, 6 செ.மீ. அதை எப்படித் தாண்டுவது என்று இன்னும் பிடிபடவில்லை. அரை லிட்டர் வெள்ளை பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.